சம்மனசுகளின் பங்கு

பிரான்சில் சாத்தோ வால்குரின் என்ற திராட்சைத்தோட்ட மாளிகையின் நிலவறை வாசலில் சம்மனசுகள் வந்து நின்ற அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில், பிரகாசியம்மாள் அப்போதுதான் கல்தரையைக் கழுவித் துடைத்துவிட்டு இடுப்பை நிமிர்த்தியிருந்தாள், அதனால் அவர்களுடைய இறக்கைகளுக்கு முன்பே ஈரத்தில் பதிந்திருந்த முப்பது நாற்பது ஜோடி வெறுங்கால் தடங்கள் அவள் கண்ணில் பட்டுவிட்டன. கோபம் வந்தால் அவளுக்குப் பிரெஞ்சு மறந்துபோகும். "யாரது, தரை காயிறதுக்குள்ள கால வைக்கிறது? கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று சுத்தமான காரைக்கால் தமிழில் கத்தினாள். "மன்னிச்சுக்கம்மா" என்று அவர்களும் தமிழிலேயே சொன்னார்கள். சம்மனசுகளுக்கு எல்லா பாஷையும் வரும் என்று அவளுடைய அப்பா, காரைக்கால் கோயிலில் உபதேசியாராக இருந்தவர், சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்திருந்ததால் அதில் அவளுக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. மற்றவர்கள் தேவதூதர் என்பார்கள், ஏஞ்சல் என்பார்கள். அந்தப் பக்கத்து வேதக்காரர்களுக்கு அவர்கள் சம்மனசுகள்தான்.

பார்க்கத்தான் சகிக்கவில்லை. பீடத்துச் சுரூபங்களில் கன்னம் உப்பி, ரோஜா நிறத்தில் சிரித்துக்கொண்டிருக்கும் சம்மனசுகளைக் கும்பிட்டு வளர்ந்தவள் அவள். இவர்களோ கல்யாண வீட்டில் மூன்று நாள் தூங்காமல் பந்தி பரிமாறிவிட்டு வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். கண் சிவந்து, முகம் வீங்கி, தலைமுடி கலைந்து, வெள்ளை அங்கிகளின் ஓரமெல்லாம் வைன் கறை ஏறி, பாதிப் பேர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரிலும் சின்னது ஒன்று படியில் உட்கார்ந்து, தன் இறக்கையைத் தானே மடியில் போட்டுத் தடவிக்கொண்டிருந்தது. எல்லாரிலும் பெரியது முன்னால் வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "எங்க பங்க மூடிட்டாங்கம்மா" என்றது.

பிரகாசியின் கையிலிருந்த துடைப்பம் கீழே விழுந்தது. "ஐயோ, உங்க பங்கையுமா?" என்றாள்.

தப்பு நடந்த இடம் இதுதான். அதற்கு அவளைக் குறை சொல்லிப் பிரயோசனம் இல்லை, சம்மனசையும் குறை சொல்ல முடியாது, குறை சொல்வதென்றால் தமிழைத்தான் சொல்ல வேண்டும். உங்களுக்கும் எனக்கும் பங்கு என்றால் சொத்தில் பங்கு, லாபத்தில் பங்கு, கறியில் பங்கு. கத்தோலிக்கப் பிள்ளைக்குப் பங்கு என்றால் கோயிலும் சாமியாரும் சனமும் சேர்ந்த ஒரு கூட்டம், எங்கோ ரயிலில் இரண்டு பேர் கழுத்துச் சிலுவையைப் பார்த்துப் பேச ஆரம்பித்தால், "நீங்க எந்தப் பங்கு?" என்பதுதான் முதல் கேள்வி. பெரிய சம்மனசு சொன்னது முதலாவது பங்கு. பிரகாசிக்குக் கேட்டது இரண்டாவது பங்கு.

அந்த முதலாவது பங்கின் கதை இப்படி. வால்குரின் முந்நூறு வருஷத்துத் தோட்டம். மலைச்சரிவு முழுக்கத் திராட்சைக்கொடி, நடுவில் கூம்புக் கோபுரம் வைத்த மாளிகை, அடியில் நிலவறை, நிலவறையில் வரிசை வரிசையாகக் கருவாலி மரப் பீப்பாய்கள். ராஜாக்கள் குடித்தார்கள், ராஜாக்களின் தலையை வெட்டியவர்களும் அதே பீப்பாயிலிருந்தே குடித்தார்கள், யுத்தத்தில் வந்த அந்நியப் படை கண்டுபிடிக்காமலிருக்கப் புட்டிகளுக்கு முன்னால் சுவர் எழுப்பி ஒட்டடையை அள்ளிப் பூசினார்கள். அந்த வம்சத்தில் கடைசியாக மிஞ்சியவள் ஒர்தான்ஸ். அப்பா போனதும் தோட்டம் அவள் கைக்கு வந்தது, வந்த மறுநாளே களைக்கொல்லி டப்பாக்களை எல்லாம் வண்டியேற்றித் திருப்பி அனுப்பினாள். பிறகு வரிசைகளுக்கு நடுவே அவரையும் பார்லியும் விதைத்தாள், குளிர்காலத்தில் புல் மேய ஆடு விட்டாள், அந்துப்பூச்சி தின்ன வௌவாலுக்குப் பெட்டி கட்டினாள், பீப்பாய் கழுவிய தண்ணீரை நாணல் குளத்தில் விட்டுத் தெளிய வைத்து மறுபடி பாய்ச்சினாள், பூஞ்சைக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அளந்து அளந்து அடித்தாள். டிராக்டர் மண்ணை இறுக்குகிறது என்று அதை நிறுத்திவிட்டுக் குதிரை வாங்கினாள். டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த சந்தியாகு, பிரகாசியின் புருஷன், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், "சாவியத் திருப்புனா நின்னுச்சு அது. இதுக்குச் சாவி எங்க இருக்கு?" என்று குதிரையைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

எல்லாம் நல்ல காரியம்தான், கொடிகளும் அப்படித்தான் நினைத்தன, வருஷத்துக்கு வருஷம் இலை தடித்தது, மண்ணில் புழு நெளிந்தது. ஆனால் நல்ல காரியம் செய்கிறவர்களுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரிவதில்லை. பீப்பாய் மரம் மூச்சு விடும், அந்த மூச்சில் வைன் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப் போகும், வாரம் தவறாமல் குறைந்ததை ஊற்றி நிரப்புவதுதான் இத்தனை வருஷமாகப் பிரகாசியின் வேலை. அப்படிப் போவதைப் பிரெஞ்சுக்காரர்கள் தேவதூதர்களின் பாகம் என்று சொல்லிச் சிரிப்பார்கள், நிஜமாகவே யாரோ வந்து வாங்கிக்கொள்கிறார்கள் என்று ஒருவரும் நினைத்ததில்லை. பிரகாசிக்கும் அந்தப் பேச்சு தெரியும், ஆனால் அதை அவள் பிரெஞ்சிலேயே வைத்திருந்தாள். தமிழில் எடுத்துப் பார்த்ததே இல்லை. சுற்றுச்சூழல் சான்றிதழ் கொடுக்க வந்த அதிகாரி, ஆவியும் விரயம்தான், ஒவ்வொரு துளிக்குப் பின்னாலும் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு வெயில், எவ்வளவு உழைப்பு என்று உருக்கமாகப் பேசினார். ஒர்தான்ஸுக்குத் தூக்கம் போயிற்று. வசந்தத்தில் எல்லாப் பீப்பாய்க்கும் ரப்பர் உறை மாட்டி, ஆவியைக் குழாயில் பிடித்து, குளிர வைத்து, மறுபடி பீப்பாய்க்குள்ளேயே சொட்ட விடும்படி ஓர் ஏற்பாடு வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து வால்குரினில் ஒரு பொட்டுகூட வீண் போகவில்லை.

இரண்டாவது பங்கின் கதை இன்னும் சின்னது. அடிவாரத்தில் சேன் ப்ளெசார் என்ற கிராமம், அதில் அதே புனிதர் பெயரில் ஒரு கோயில். அந்தப் புனிதர் என்ன செய்து புனிதரானார் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. சுரூபத்தின் கையில் இருந்தது உடைந்துபோய், அது மீன் என்று ஒரு கட்சியும் செருப்பு என்று ஒரு கட்சியும் உண்டு. பிரகாசி வந்த புதிதில் வாராவாரம் பூசை நடந்தது, அப்புறம் மாதம் ஒரு பூசை, அப்புறம் கிறிஸ்துமஸுக்கு மட்டும், அப்புறம் அதுவும் இல்லை. பங்கை எங்கோ இருக்கும் பெரிய பங்கோடு சேர்த்துவிட்டார்கள். அறுவடை முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை ஆயரகத்திலிருந்து ஒரு சாமியார் வருவார், பூசை வைத்துத் தலை எண்ணுவார், ஆள் தேறாவிட்டால் கோயிலை ஓட்டல்காரர்களுக்கு விற்றுவிடுவார்கள், நடுக்கூடத்தில் நீச்சல்குளம் வெட்டுவதாக ஏற்பாடு. பூசைக்கு வரக்கூடியவர்களை எண்ண ஒரு கை விரல் போதும், அதில் சந்தியாகு பிரசங்கத்தில் தூங்கலாம் என்ற ஒப்பந்தத்தின் பேரில் வருகிறவர்.

இதைக் கேட்ட நாளிலிருந்து பிரகாசி உருகிக்கொண்டிருந்தாள். கடல் தாண்டி வந்தவளுக்கு மொழி போயிற்று, மீன் போயிற்று, பேர்கூட மதாம் ப்ரகாஸ் என்று பாதியாகிவிட்டது. நான் இந்தப் பங்கு என்று சொல்லிக்கொள்ள இருந்தது அது ஒன்றுதான். "நாளைக்கு நான் செத்தா எனக்கு மணி அடிக்க ஒரு கோயில் இருக்குமாங்க?" என்று புருஷனிடம் அழுதாள். "அடிச்சா மட்டும் ஒனக்குக் கேக்கவா போவுது?" என்று அவர் ஆறுதல் சொன்னார்.

ஆகவே, பங்கை மூடிவிட்டார்கள் என்று முப்பது நாற்பது பேர் வாசலில் வந்து நின்றதும் பிரகாசிக்குத் தன் துக்கமே ஆள் உருவெடுத்து வந்து நிற்பதாகத் தோன்றியது, கூடவே மனதின் ஒரு மூலையில் கணக்கும் ஓடியது. "கவலய விடுங்க. ஒங்களுக்குப் பங்கு இல்ல, எங்க பங்குக்கு ஆளு இல்ல. வாங்க எங்கூட" என்று தலையில் முக்காடு போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள். பெரிய சம்மனசு என்னவோ சொல்ல வாயெடுத்தது, அதற்குள் அவள் பாதித் தெரு போயிருந்தாள். சேன் ப்ளெசார்க்காரர்கள் சன்னலைத் திறந்து பார்த்தார்கள், மதாம் ப்ரகாஸ் சேலையில் முன்னே போக, இறக்கை வைத்தவர்கள் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பின்னே போக, காரைக்காலில் இருந்து சொந்தக்காரர்கள் வந்திருக்கிறார்கள் போல என்று சொல்லிக்கொண்டு சன்னலைச் சாத்தினார்கள்.

அன்றே மேயர் மேலிடத்துக்குப் போன் போட்டார். பேசுவார்களா என்று கேட்டார்கள், பேசுவார்கள் என்றார், அப்படியானால் குடியேற்றப் பிரிவு என்றார்கள். இறக்கை உண்டா என்று கேட்டார்கள், உண்டு என்றார், அப்படியானால் கால்நடைப் பிரிவு என்றார்கள். இரண்டு பிரிவும் ஒன்றையொன்று கை காட்டிவிட்டுச் சாப்பாட்டுக்குப் போனதும் மேயர் போனை வைத்தார், ஊரில் இருக்கிறவரை ஊர்க்காரர்கள் என்று தீர்ப்புச் சொன்னார். வேட்டைக்காரர் சங்கம் தன் பங்குக்கு ஒரு பலகை எழுதி வைத்தது: காட்டுப்பன்றி சுடலாம், முயல் சுடலாம், இவர்களைச் சுடக் கூடாது.

சம்மனசுகளுக்கு வயிறு கிடையாது, மூக்குதான். முந்நூறு வருஷம் நிலவறையின் கூரைக்கடியில் வைன் ஆவியை முகர்ந்தே பசியாறி, கொஞ்சம் கிறக்கமும் கொஞ்சம் சந்தோஷமுமாக யார் கண்ணிலும் படாமல் கிடந்தவர்கள் அவர்கள். அது நின்றதும் தெளிந்துபோய்க் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டார்கள். இப்போது கிடைத்ததை முகர்ந்தார்கள். அவர்கள் முகர்ந்ததில் மறுபடி வாசனை இருக்காது. ரொட்டிக்கடை வாசலில் பெரிய சம்மனசு ஒரு முறை நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தது, அன்றைய ரொட்டி முழுவதும் காகிதம் மாதிரி ஆகிவிட்டது. தெருவே பெருமைப்படும்படி நாறுகிற சீஸ் ஒன்று உண்டு அந்த ஊரில், சின்னச் சம்மனசு அந்தக் கிடங்குக்குள் தெரியாமல் நுழைந்து வெளியே வந்தபோது, சீஸ்காரர் நடுரோட்டில் உட்கார்ந்து, "எவ்வளவு பாடுபட்டு நாற வைத்தேன்! எல்லாம் குழந்தை மாதிரி மணமற்றுப் போய்விட்டதே!" என்று மார்பில் அடித்துக்கொண்டார்.

ஆனால் ஊர் என்றால் எதற்கும் ஒரு உபயோகம் கண்டுபிடிக்கும். சீஸ்காரர் அழுது முடிப்பதற்குள் ஆட்டுப்பட்டிக்காரர் வந்து இரண்டு பேரைக் கூப்பிட்டுக்கொண்டு போனார். பிறகு சாக்கடைக்கு, பிறகு பள்ளிக்கூடத்தில் காலணி கழற்றி வைக்கும் அறைக்கு, பிறகு மேயருடைய மாமியாரின் நாய்க்கு. சந்தியாகு குதிரை லாயத்துக்கு வாரம் இரண்டு தடவை என்று முறை போட்டார். சம்மனசுகள் சொன்ன காரியத்தையெல்லாம் வணக்கமாகச் செய்தார்கள், எனினும் சாக்கடையை முகர்ந்து எவ்வளவு காலம்தான் பசியாறுவது?

சான்றிதழ் அதிகாரி கோடையில் சோதனைக்கு வந்தார். வௌவால் எண்ணினார், ஆந்தை எண்ணினார், முள்ளெலி எண்ணினார், கோயில் ஓட்டின்மேல் வெயில் காய்ந்துகொண்டிருந்தவர்களைப் பார்த்ததும் பேனாவை எடுத்து, "வலசை வரும் இனமா, இங்கேயே வாழும் இனமா?" என்று கேட்டார். "முந்நூறு வருஷமாக இங்கேதான்" என்று ஓட்டின்மேலிருந்து பெரிய சம்மனசே சொன்னது. அவர் மகிழ்ந்துபோய்ப் பல்லுயிர்ப் பெருக்கத்தில் கூடுதல் புள்ளி கொடுத்தார், உயரத்தில் கூட்டுப்பெட்டி அடித்துவைக்கச் சொன்னார். பெட்டிகள் வந்தன. சம்மனசுகள் மரியாதைக்காக ஒரு பகல் முழுக்க அதில் கால் தொங்கத் தொங்க உட்கார்ந்திருந்தார்கள்.

சாயங்காலம் ஆனால் பிரகாசி அவர்களைக் கோயிலில் கூட்டிச் செபமாலை சொல்ல வைத்தாள். பெஞ்சுகள் நிறைந்தன, இத்தனை வருஷத்தில் அவள் காணாத காட்சி. ஒரே ஒரு சங்கடம், அவர்கள் பாடும்போது சுருதி ஒரு மயிரிழைகூடப் பிசகாது. தெளிந்த சம்மனசின் குரல் அப்படிப்பட்டது. கேட்டால் முதுகு சில்லிடும், கூடப் பாட யாருக்கும் வாய் வராது, வேடிக்கை பார்க்க வந்த ஊர்க்காரர்கள் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கதவோரமே நின்று போய்விடுவார்கள். பிரகாசியும் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொள்வாள். இருந்தாலும் தலை தலைதான், எண்ணுகிறவருக்குச் சுருதியா முக்கியம் என்று தேற்றிக்கொண்டாள்.

ஆவணி வாக்கில் இறகு கொட்ட ஆரம்பித்தது. முதலில் நாலு, ஐந்து; பிறகு காலையில் கோயிலைப் பெருக்கினால் முறம் முறமாக வந்தது. சந்தியாகு அதை அடைத்து ஒரு தலையணை செய்துகொண்டார், அதில் தலை வைத்தால் பட்டாளத்து ஞாபகம் ஒன்றும் வருவதில்லை என்றார். திராட்சை அறுத்தார்கள், மிதித்தார்கள், வடித்தார்கள். நாளை ஞாயிறு, நாளை சாமியார் வருகிறார் என்ற சனிக்கிழமை பிற்பகல், சின்னச் சம்மனசு பாவம் கேட்கிற மரக்கூண்டாகிய பாவசங்கீர்த்தனத் தொட்டியின் மேலிருந்து பொத்தென்று விழுந்தது. பறக்கப் பார்த்திருக்கிறது. பிரகாசி ஓடிப்போய் மடியில் தூக்கிப் போட்டாள், இறக்கையில் எண்ணிச் சில இறகுகள்தான் மிச்சம், கோழியை வெந்நீரில் முக்கி எடுத்த மாதிரி இருந்தது.

"என்னடா தம்பி பண்ணுது?"

"பசிக்குது" என்றது அது.

பெரிய சம்மனசு பக்கத்தில் வந்து முழங்கால் போட்டது. "அம்மா, ஒண்ணு சொல்லணும், கோவிச்சுக்கக் கூடாது. அன்னிக்கு நாங்க பங்குன்னு சொன்னது இந்தப் பங்கு இல்லம்மா. எங்க பாகம். பீப்பாயிலேர்ந்து எங்களுக்கு வர்றது. அதத்தான் மூடிட்டாங்க."

பிரகாசி இதுவரை பிரெஞ்சில் வைத்திருந்த அந்தப் பேச்சு மெல்ல மெல்லத் தமிழுக்கு வந்து சேர்ந்தது. "அத அன்னிக்கே சொல்றதுக்கென்ன? இத்தன நாளா வாய்ல என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?"

"நீ அம்புட்டு சந்தோசமா முன்னால நடந்து போன. அந்த மொகத்தப் பாத்துட்டு எப்படிம்மா சொல்றது?" என்றது பெரிய சம்மனசு. "அதனால என்ன, நாளைக்கு இருந்துட்டே போறோம். எண்ணிட்டுப் போவட்டும். ஒரு நாள்தான?"

ஒரு நாள்தான். பிரகாசி நிமிர்ந்து பார்த்தாள். கடைசி பெஞ்சு வரைக்கும் ஆள் இருந்தது. இதைப் பார்க்கத்தானே இத்தனை வருஷம் மன்றாடினாள், நாளை பத்து மணிக்கு ஒருவர் வந்து பெஞ்சு பெஞ்சாக விரலை நீட்டிவிட்டுப் போனால் கோயில் அவளுக்கு, மணி அவளுக்கு, செத்தபின் கேட்டாலும் கேட்காவிட்டாலும். ஆசையாகத்தான் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். மடியில் கிடந்தது ஒரு தரம் விக்கியது, இன்னொரு இறகு உதிர்ந்தது.

"பசிச்சுக் கெடக்கறவங்கள உக்கார வச்சுத் தலைய எண்ணறதுக்குப் பேரு பங்கு இல்ல, ரேஷன் கட. எந்திரிங்க எல்லாரும்" என்றாள்.

சின்னதைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் நிலவறைப் படி இறங்கியபோது, உள்ளே ஒர்தான்ஸ் ஒரு பீப்பாயின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு, கையில் குவளையோடு உட்கார்ந்திருந்தாள். "மதாம் ப்ரகாஸ், இதைக் குடித்துப் பார். ஒன்றுமே இல்லை. ஈரக்கல்லை நக்குவது போல இருக்கிறது. மண் நன்றாக இருக்கிறது, பழம் நன்றாக இருக்கிறது, ஒரு துளி வீணாக்கவில்லை, எங்கே தப்பு செய்தேன்?" என்றாள். சம்மனசுகளின் பாகத்தை அடைத்ததுதான் தப்பு என்று பிரகாசி சொன்னாள். பெரிய சம்மனசும் பிரெஞ்சில் இரண்டு வார்த்தை சேர்த்துச் சொன்னது. ஒர்தான்ஸ் குவளையை வைத்தாள், அந்த முப்பது நாற்பது வீங்கிய முகங்களையும் வரிசையாகப் பார்த்தாள், பிறகு எழுந்து முதல் உறையை அவளே பிடுங்கினாள். "வௌவாலுக்குப் பெட்டி கட்டினேனே, என் வீட்டிலேயே இருந்தவர்களை..." என்று மேலே பேச முடியாமல் அழுதுவிட்டாள்.

சந்தியாகு குறடோடு வந்து சேர்ந்தார். மூன்று பேருமாக உறை உறையாக உரித்தார்கள். மரம் பெருமூச்சு விட்டது. கருநாவல் வாசனை, புகையிலை வாசனை, மழை விழுந்த மண் வாசனை என்று நிலவறை நிறைந்து வழிந்தது, சம்மனசுகள் கண்ணை மூடி இழுத்தார்கள், இழுக்க இழுக்கக் கன்னத்தில் ரோஜா ஏறியது, ஏற ஏறக் கால் மங்கியது, அங்கி மங்கியது, கூரைப் பக்கம் மிதந்துபோய் ஒவ்வொருவராகக் கண்ணுக்கு மறைந்தார்கள். கடைசியாகச் சின்னது. அது போன இடத்தில் ஒரு விக்கல் மட்டும் சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

"சான்றிதழ்க்காரருக்கு இதை என்னவென்று எழுதுவது?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள் ஒர்தான்ஸ்.

"சேதாரம்னு எழுதுங்க. எங்க ஊரு நகக்கடையில எல்லாரும் அப்படித்தான் எழுதறாங்க, ஒருத்தனும் கேள்வி கேக்கறதில்ல" என்றார் சந்தியாகு.

வீட்டுக்கு வந்து பிரகாசி சமையல்கட்டில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். செய்தது சரிதான், சரியைச் செய்துவிட்டு அழக் கூடாது என்று யார் சொன்னது? சந்தியாகுவுக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. "விடு புள்ள. நீச்சல்கொளம் வந்தாத்தான் என்ன, பழய பங்குக்காரங்கன்னு சொல்லிச் சும்மாவே குளிக்கலாம்" என்றார். கரண்டி பறந்து வந்தது, பட்டாளத்தில் பழகிய தலை நேரத்துக்குக் குனிந்துகொண்டது.

மறுநாள் காலை வந்த சாமியாரின் பெயர் பிரிஃபோ. ஒல்லியான, ரொம்பக் களைத்த மனிதர், கோயில் மூடுவதே வேலையாக ஊர் ஊராகப் போய்வருகிறவர், கையில் கட்டைவிரலால் அழுத்தினால் டிக் என்று ஓர் எண் ஏறுகிற சின்ன இயந்திரம் வைத்திருந்தார். பிரகாசி கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டு முதல் பெஞ்சில் இருந்தாள், சந்தியாகு தூங்க வசதியாகத் தூணோரம் இருந்தார். சாமிமேல் நம்பிக்கை இல்லாத ஒர்தான்ஸ் வந்தாள், மேயர் வந்தார், ரொட்டிக்கடைக்காரரும் சீஸ்காரரும் வந்தார்கள், எல்லாரும் பிரகாசியின் முகத்துக்காக வந்தவர்கள். அவ்வளவுதான் சனம். பிரிஃபோ சாமி பெஞ்சுகளைப் பார்த்தார், வழக்கமான பெருமூச்சு ஒன்றை விட்டார், விட்டதைத் திரும்ப இழுத்தார். இழுத்த மூச்சோடு என்னவோ உள்ளே போயிற்று.

சம்மனசுகளுக்கு இத்தனை நாள் பழக்கம் விட்டுப்போகுமா? வயிறு, அதாவது மூக்கு, நிறைந்த திருப்தியில் முந்நூறு வருஷக் கிறக்கத்தோடு எல்லாருமே வந்திருந்தார்கள், கண்ணுக்குத் தெரியவில்லை என்பதைத் தவிர ஒரு குறையும் இல்லை. கோயில் முழுக்க அவர்களுடைய மூச்சு. மேயரின் காது சிவந்தது, சீஸ்காரர் காரணமில்லாமல் ரொட்டிக்கடைக்காரரின் தோளில் கை போட்டார். முதல் பாட்டைப் பிரகாசி எடுத்தாள், மேலேயிருந்து கூடச் சேர்ந்த குரல்களுக்குச் சுருதியே கிடையாது, ஒன்று முந்தியது, ஒன்று பிந்தியது, ஒன்று நடுவில் விக்கியது. அந்தப் பாட்டில் யார் வேண்டுமானாலும் சேரலாம் போலிருந்தது. சேர்ந்தார்கள். ஒர்தான்ஸ் வார்த்தை தெரியாமல் லாலா என்றே பாடினாள், சந்தியாகு விழித்துக்கொண்டு தன் பட்டாளத்துப் பாட்டு ஒன்றை அதே ராகத்தில் பொருத்தினார். கோயில் மூடி மூடி எத்தனையோ வருஷமாக வாயைத் திறந்து பாடாத பிரிஃபோ சாமி, பீடத்தில் கண்ணை மூடி நின்று, கண்ணீர் ஒழுக ஒழுக, தன் குரல் இன்னும் இருக்கிறதா என்று பார்க்கிறவர் மாதிரி முதலில் முனகி, பிறகு பாடி, பிறகு கத்தினார். கட்டைவிரல் மட்டும் கடமையை மறக்கவில்லை, காதில் விழுந்த ஒவ்வொரு குரலுக்கும் ஒரு டிக் என்று அழுத்திக்கொண்டே இருந்தது.

பூசை முடிந்து கண்ணைத் திறந்தவர் இயந்திரத்தைப் பார்த்தார், பெஞ்சுகளைப் பார்த்தார், மறுபடி இயந்திரத்தைப் பார்த்தார். வாழ்நாளில் ஒரு தலை கூட்டியோ குறைத்தோ எழுதாத மனிதர். நேராகப் பிரகாசியிடம் வந்து, "மதாம், நீங்கள் எத்தனை பேர்?" என்று கேட்டார்.

பிரகாசி பெஞ்சுகளைத் திரும்பிப் பார்த்தாள். பொய் சொன்னால் கோயில் நிற்கும். "கண்ணுக்குத் தெரியறவங்க இவ்வளவுதான் சாமி" என்றாள்.

"நான் கண்ணால் எண்ணவில்லையே" என்றார் அவர். காதில் கேட்டதைக் கேட்டபடி தாளில் எழுதினார். எழுதிவிட்டுச் சற்று யோசித்து, தனக்கு என்று இன்னும் ஒரு டிக் அழுத்தினார், அடித்துவிட்டு அதையும் கூட்டித் திருத்தினார். பிறகு, இத்தனை பேர் உள்ள பங்கைச் சாமியார் இல்லாமல் விடுவது தோஷம் என்று ஆயருக்குச் செய்தி அனுப்பிவிட்டு, சாமியார் குடியிருப்பதற்கென்று கட்டிப் பூட்டிக் கிடந்த பங்குவீட்டின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டார்.

திங்கட்கிழமை காலை அவர் பிரகாசியின் சமையல்கட்டில், லேசான தலைவலியோடு, காப்பிக் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எந்த ஊரிலும் ஒரு ராத்திரிக்கு மேல் தங்காத மனிதர், எந்த ஊரிலும் விருந்தாளியாகவே கேட்டுப் பழகிய கேள்வியை இங்கேயும் கேட்டார்.

"மதாம், இங்கே சாயங்காலப் பூசை எத்தனை மணிக்கு?"

பிரகாசி அவர் கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றினாள். "அத நீங்கதான் சாமி சொல்லணும்" என்றாள்.

அவர் திகைத்துப்போனார். கிண்ணத்தை வைத்தார், எடுத்தார். "ஆறு மணிக்கு?" என்றார் பயந்துகொண்டே.

"ஆறரைன்னு வைங்க சாமி" என்றார் சந்தியாகு, "ஆறு மணிக்குக் குதிரைக்குத் தண்ணி காட்டணும்."